ரிப்போர்ட்டில் 27 என்று இருக்கிறது. அது எதன் கணக்கு?

தூக்க ஆய்வு முடிந்ததும் நாலைந்து பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் கொடுப்பார்கள். வரைபடம், சதவீதம், சுருக்கெழுத்து என்று பக்கம் நிறைய இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரு எண்ணும் ஒரு சொல்லும் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்: ஏஎச்ஐ 27, மாடரேட். "சிவியர் இல்லீங்களே, அப்ப பரவால்லீங்க" என்று நிம்மதியாக ஊருக்கு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணைப் பார்த்துப் பதறி அன்றைக்கே மூச்சுக் கருவி வாங்கப் போகிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் கொஞ்சம் பொறுத்து அந்தத் தாளை முழுக்கப் படித்தால் நல்லது. எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

முதலில் நோய் என்ன? ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவது) என்கிறார்கள். விழித்திருக்கும்போது உங்கள் மூச்சில் ஒரு குறையும் இருக்காது. தூங்கியதும் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. உள்நாக்குப் பக்கத்து மெல்லிய சதை தொய்கிறது. காற்று போகும் வழி சுருங்கி, சில நொடி அடைத்தே போகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பயந்து உங்களை அரைகுறையாக எழுப்புகிறது, தொண்டை திறக்கிறது, ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்புகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இது ராத்திரி முழுக்க நடந்தாலும் காலையில் உங்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது.

மூச்சை இழுக்கும்போதுதானே காற்று உள்ளே வர வேண்டும், அப்போது போய் ஏன் அடைக்கிறது? தோட்டத்தில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். தண்ணீர் வெளியே போகும் பக்கம் தொளதொளவென்ற ஓஸ் போடலாம். கிணற்றிலிருந்து உறிஞ்சும் பக்கம் கெட்டியான குழாய்தான் போட வேண்டும். அங்கே மெல்லிய ஓஸைப் போட்டால் மோட்டார் இழுத்ததும் அது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். தொண்டை, உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிற மெல்லிய ஓஸ். விழித்திருக்கும்போது தசைகள் அதை விறைப்பாகப் பிடித்திருக்கின்றன; தூக்கத்தில் அந்தப் பிடி விடுகிறது.

குறட்டை விட்டாலே இந்த நோய்தானா? இல்லை. குறட்டை என்பது வழி குறுகியிருக்கிறது என்பதன் சத்தம், அவ்வளவுதான். ஒரே சீராக ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டு, காலையில் தெளிவாக எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. கவனிக்க வேண்டியது குறட்டைக்கு நடுவே வரும் நிசப்தத்தை. "கொறட்டை திடீர்னு நின்னு போயிருதுங்க, மூச்சே காணோம், நாந்தான் தட்டி எழுப்பறேனுங்க" என்று வீட்டம்மா சொன்னால், டாக்டர் பேனாவை எடுத்துவிடுவார். நோயாளி சொல்வதைவிட பக்கத்தில் படுத்திருப்பவர் சொல்வதற்கு இந்த நோயில் மதிப்பு அதிகம். தனியாகத்தான் போவேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

இப்போது அந்த 27-க்கு வருவோம். ஏஎச்ஐ (தூங்கிய ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது அல்லது குறைந்தது என்ற சராசரி) என்பது வெறும் வகுத்தல் கணக்கு. 6 மணி நேரம் தூங்கினீர்கள், மொத்தம் 162 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிற்று என்றால் 162-ஐ 6-ஆல் வகுத்து 27. மூச்சு 'நின்றது' என்று எழுத வேண்டுமானால் காற்றோட்டம் 90 சதவீதமாவது குறைந்து, 10 நொடியாவது அப்படியே நீடிக்க வேண்டும். 'குறைந்தது' என்று எழுத 30 சதவீதம் குறைந்தால் போதும். ஆனால் கூடவே ஆக்சிஜன் இறங்கியிருக்க வேண்டும், அல்லது மூளை விழித்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆக்சிஜன் எவ்வளவு இறங்கினால் கணக்கில் சேர்ப்பது? 3 சதவீதம் இறங்கினாலோ மூளை விழித்தாலோ சேர்க்கலாம் என்பது ஒரு விதி. 4 சதவீதம் இறங்கினால்தான் சேர்ப்பேன் என்பது இன்னொரு விதி. இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே ஆள், ஒரே ராத்திரி, ஒரே பதிவு. விதி மாறினால் எண் மாறும், சில சமயம் நிறையவே மாறும். இரண்டு இடத்தில் எடுத்த ரிப்போர்ட்டுகளை ஒப்பிடுமுன் எந்த விதிப்படி எண்ணினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ரிப்போர்ட்டிலேயே எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும்.

சரி, மாடரேட் என்று யார் முடிவு செய்தது? 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை மைல்டு (லேசானது), 15 முதல் 30 வரை மாடரேட் (நடுத்தரம்), 30-க்கு மேல் சிவியர் (கடுமையானது). இந்தக் கோடுகளை இயற்கையில் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். 1976-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கில்லெமினோவும் கூட்டாளிகளும் இந்த நோய்க்குறித்தொகுப்புக்குப் பெயர் வைத்தபோது, 7 மணி நேரத் தூக்கத்தில் 30 முறையாவது மூச்சு நின்றால் நோய் என்று ஒரு கணக்கு வைத்தார்கள். அதை மணிக்கு வகுத்தால் ஐந்துக்குக் கிட்டே வரும். 15, 30 என்ற கோடுகள் 1999-ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று கூடிப் பேசிப் போட்டவை. கூடிப் பேசிப் போட்ட கோடு தப்பு என்று சொல்ல வரவில்லை. 29-க்கும் 31-க்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் 40 வயதுக்கு மேற்பட்ட சாதாரண மக்களை அழைத்துத் தூக்க ஆய்வு செய்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். மேலே சொன்ன 3 சதவீத விதிப்படி எண்ணியதில் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 15-க்கு மேல் வந்தது. பெண்களில் நான்கில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. பாதி ஊரும் நோயாளியா? அதனால்தான் மருத்துவர்கள் எண்ணை மட்டும் வைத்து நோய் என்று எழுதுவதில்லை. 5-க்கு மேல் இருந்து, கூடவே பகல் தூக்கம், மூச்சுத் திணறி விழிப்பது, ரத்தக் கொதிப்பு போல ஏதாவது இருந்தால் நோய். தொந்தரவு ஒன்றும் தெரியாவிட்டாலும் 15-க்கு மேல் போனால் நோய் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உலகத் தூக்க மருத்துவ வகைப்பாடு சொல்வது இதைத்தான்.

இந்தியாவில்? 2023-ல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், நாட்டில் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, வளர்ந்தவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இது இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஆண்களில் 13, பெண்களில் 5. பெண்களுக்குக் குறைவாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அவர்களுக்கு வரும் தொந்தரவு வேறு மாதிரி இருப்பது. காலையில் தலைவலி, ஓயாத அசதி, நடுராத்திரி முழிப்பு என்று சொல்வார்கள். தைராய்டு பார்ப்பார்கள், ரத்தசோகை பார்ப்பார்கள், "வயசாச்சில்ல, அப்படித்தான்" என்று அனுப்பிவிடுவார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோய் கூடுகிறது. குறைவாகச் சுரக்கும் தைராய்டும் இதைத் தூண்டும். ஆகவே தைராய்டு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் அசதி போகாத 50 வயது அம்மாவுக்கு "நீங்கள் குறட்டை விடுவீர்களா?" என்ற கேள்வியை யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். அவரே கூச்சப்படாமல் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

ரிப்போர்ட்டில் எண்ணுக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது: எந்த வகை என்று. இதுவரை சொன்னது அப்ஸ்ட்ரக்டிவ் (தொண்டை அடைப்பு) வகை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குறையாமல் இதுதான். இன்னொன்று சென்ட்ரல் (மூளை 'மூச்சு விடு' என்ற கட்டளையையே அனுப்பாமல் விடும்) வகை. இதய பலவீனம் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மார்ஃபின் போன்ற வலி மருந்து எடுப்பவர்கள், மிக உயரமான மலைகளுக்குப் போனவர்கள் ஆகியோருக்கு இது வரலாம். இரண்டும் கலந்தும் வருவதுண்டு.

ஆய்வு அன்று உங்கள் மார்பிலும் வயிற்றிலும் ஆளுக்கொரு பட்டை கட்டியிருப்பார்களே, அது இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான். மூக்கில் காற்றோட்டக் கோடு தட்டையாகப் போகிறது. அப்போது பட்டைக் கோடுகள் இரண்டும் மேலும் கீழும் துடிக்கின்றன, அதுவும் மார்பு ஏறும்போது வயிறு இறங்கி ஒன்றுக்கொன்று எதிராக. உடல் மூச்சுக்குப் போராடுகிறது, வழி அடைத்திருக்கிறது, இது அப்ஸ்ட்ரக்டிவ். மூக்குக் கோட்டோடு பட்டைக் கோடுகளும் தட்டையாகிவிட்டால், போராட்டமே இல்லை, இது சென்ட்ரல். டெக்னீஷியனிடம் கேட்டால் திரையில் காட்டுவார். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

வகை தெரிந்து என்ன ஆகப்போகிறது, கருவி ஒன்றுதானே? அப்படி நினைத்தால் ஆபத்து. சென்ட்ரல் வகைக்கென்று மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தை மாற்றிக் கொடுக்கும் ஒரு கருவி உண்டு. இதயத்தின் பம்பு செய்யும் திறன் குறைந்த நோயாளிகளுக்கு அது கைகொடுக்கும் என்று நம்பி சோதனை நடத்தினார்கள். 2015-ல் முடிவு வந்தபோது, அதைப் போட்டவர்களில் இதயநோயால் இறந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். மூச்சு சீரானது, ஆள் பிழைக்கவில்லை. அதிலிருந்து இதய பலவீனம் உள்ளவர்களுக்கு எக்கோ பார்க்காமல் அந்தக் கருவியை யாரும் எழுதுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நல்லாயிருக்கிறது என்றார், அதே மாடலை ஆன்லைனில் போட்டுவிட்டேன் என்பது இந்த நோயில் வேண்டாத வேலை.

எந்த டாக்டரிடம் போவது? இந்தக் குழப்பம் நியாயமானதுதான். உலக சுகாதார அமைப்பின் பத்தாவது நோய்ப் பட்டியலில் இது ஜி47.3 என்ற எண்ணோடு நரம்பு மண்டல நோய்களுக்குள் இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராவது பட்டியலில் தூக்கம் சார்ந்த நோய்களுக்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கி அதற்குள் வைத்துவிட்டார்கள். பட்டியல் எப்படியோ போகட்டும், நம் ஊர் நடைமுறையில் இதைப் பெரும்பாலும் பார்ப்பவர்கள் நுரையீரல் மருத்துவர்களும் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களும்தான். கோவையில் பீளமேடு, அவிநாசி ரோடு பக்கத்துப் பெரிய மருத்துவமனைகளில் தூக்க ஆய்வுக்கூடம் உண்டு. மூக்கடைப்பு, டான்சில் என்று சந்தேகம் இருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் தொடங்குங்கள். மற்றவர்கள் நுரையீரல் மருத்துவரிடம்.

ஆய்வுக்கூடத்தில்தான் படுக்க வேண்டுமா, வீட்டிலேயே எடுக்கலாம் என்கிறார்களே? எடுக்கலாம். தலையில் பசை வைத்து ஒயர் ஒட்டி மூளை அலையோடு சேர்த்துப் பதிவது முழு ஆய்வு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சிறிய பெட்டியில் பெரும்பாலும் மூளை அலை இருக்காது. அதனால் நீங்கள் தூங்கினீர்களா, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்களா என்று அதற்குத் தெரியாது. மூச்சுத் தடைகள் 100, பெட்டி ஓடியது 8 மணி நேரம் என்றால் 12.5 என்று போடும், மைல்டு. உண்மையில் நீங்கள் தூங்கியது 5 மணி நேரம்தான் என்றால் எண் 20, மாடரேட். ஆகவே வீட்டு ஆய்வில் அதிகமாக வந்தால் பெரும்பாலும் நம்பலாம். குறைவாக வந்து, தொந்தரவும் போகவில்லை என்றால் முழு ஆய்வைக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தில் விரலை வையுங்கள். ஒன்று, ஆக்சிஜன் எந்த அளவுக்கு இறங்கியது என்பது. 27 என்று வந்த இருவரில் ஒருவருக்கு ஆக்சிஜன் 88-க்குக் கீழே போகவில்லை, இன்னொருவருக்கு 68 வரை போயிற்று என்றால் இரண்டு பேரும் ஒரே மாடரேட் இல்லை. இரண்டாவது, மல்லாக்கப் படுத்தபோது எத்தனை, ஒருக்களித்தபோது எத்தனை என்பது. சிலருக்கு மல்லாக்கப் படுத்தால் 45, ஒருக்களித்தால் 8 என்று இருக்கும். அவர்களுக்கு முதுகுப் பக்கம் தலையணை கட்டிக்கொண்டு ஒருபக்கமாகப் படுக்கப் பழகுவதே பாதி வைத்தியம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது ரிப்போர்ட்டில் இருக்காது, உங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்: பகலில் எவ்வளவு தூங்கி விழுகிறீர்கள்? மெல்போர்னில் ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் எட்டுக் கேள்விகள் எழுதி, தான் வேலை பார்த்த எப்வொர்த் மருத்துவமனையின் பெயரையே அதற்கு வைத்தார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. 10-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது கண் சொக்குமா என்று கேட்கும். உக்கடத்தில் ஏறி பொள்ளாச்சி போவதற்குள் பஸ்ஸில் தூங்கிவிடுவீர்களா என்பது போல ஒரு கேள்வி. அதில் பாதி ஊர் 'ஆமாம்' என்றுதான் சொல்லும். காரில் உட்கார்ந்து சிக்னலுக்குக் காத்திருக்கும்போது தூங்குவீர்களா என்பது போல இன்னொன்று. பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்துவிட்ட கோவையில் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ரயில்வே கேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தூங்கிவிடுவேன் என்பது பதிலானால் சிரித்துவிட்டு விடக் கூடாது.

இங்கேதான் கொங்கு மண்டலத்துக்கு இந்த நோய் தனியாக ஒரு விஷயமாகிறது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரி ஊர்கள். கேஸ் டேங்கர், டிரெய்லர் என்று நாடு முழுக்க ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எந்த மாநிலத்திலும் நிற்கும். மணிக்கணக்கில் உட்கார்ந்தே வேலை, நேரங்கெட்ட நேரத்தில் தாபா சாப்பாடு, தொப்பை, பருத்த கழுத்து, இறங்கியதும் ஒரு கட்டிங். இந்த நோய்க்கு இதைவிடத் தோதான வாழ்க்கை கிடையாது. 2020 பிப்ரவரி 20 விடியற்காலையில் அவிநாசி அருகே ஒரு கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டி எதிரே வந்த கேரள அரசுப் பேருந்தில் மோதியதில் 19 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்ததுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். அவருக்கு இந்த நோய் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் கண்ணயர்வதற்குத் தூக்கமின்மையோடு இதுவும் ஒரு காரணம், வைத்தியம் செய்யக்கூடிய காரணம்.

ஓட்டுநர் உரிமத்துக்கான மருத்துவச் சான்றில் கண் பார்க்கிறார்கள், காது பார்க்கிறார்கள், சிவப்பு பச்சை தெரிகிறதா என்று கேட்கிறார்கள். குறட்டையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பிரிட்டனில் இந்த நோயால் பகலில் தூங்கி விழுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு உரிமம் தரும் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். கட்டுப்பாட்டுக்குள் வந்ததும் திரும்ப ஓட்டலாம். இங்கே அது உங்கள் பொறுப்பில் இருக்கிறது. என் கணக்கில், ஏஎச்ஐ 12 வந்து ஸ்டீயரிங்கில் ஒருமுறை கண் சொருகிய டிரைவருக்கு இருக்கும் நோய்தான் கடுமையானது, ரிப்போர்ட்டில் மைல்டு என்று எழுதியிருந்தாலும். 35 வந்து வீட்டில் ஓய்வாக இருப்பவர் ஒரு மாதம் யோசித்து முடிவெடுக்கலாம். டிரைவருக்கு அந்த ஒரு மாதம் கிடையாது. லாரி வைத்திருக்கும் முதலாளிகளும் இதைப் படித்தால், டயருக்கு ஆகும் செலவில் டிரைவருக்கு ஒரு தூக்க ஆய்வு பார்த்துவிடலாம் என்பதை யோசிக்கட்டும்.

"நான் திருப்பூரில் நைட் ஷிப்ட் போறேனுங்க, அதனாலதான் பகல்ல தூக்கம்" என்கிறீர்களா? இருக்கலாம். தூக்கம் போதாமல் வரும் தூக்கமும் இந்த நோயால் வரும் தூக்கமும் பகலில் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பத்து நாள் லீவில் ராத்திரி எட்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்குங்கள். அதன் பிறகு தெளிவு வந்துவிட்டால் குற்றவாளி ஷிப்ட். நன்றாகத் தூங்கியும் காலையில் வாய் வறண்டு, தலை பாரமாக, தூங்காதது போலவே எழுந்தால் ஆய்வுக்குப் போங்கள்.

நான் குண்டே இல்லையே என்பது அடுத்த சந்தேகம். உடல் எடை பெரிய காரணம்தான், ஒரே காரணம் கிடையாது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்குத் தாடை சற்று உள்வாங்கி இருப்பதால் குறைந்த எடையிலேயே தொண்டை நெருக்கடி வந்துவிடுகிறது. வெள்ளைக்காரருக்கு 30 என்று வைத்திருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) பருமன் வரம்பை நமக்கு 25 என்றுதான் வைக்கிறார்கள். சட்டையின் காலர் பட்டன் போட முடியாமல் போவதும் ஒரு அறிகுறிதான்; கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ. தாண்டினால் மருத்துவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

வைத்தியம் என்ன? 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், காற்றை அழுத்தத்தோடு மூக்கு வழியாகச் செலுத்தித் தொண்டையை உள்ளிருந்தே விரித்து வைக்கலாம் என்று காட்டினார். அதுதான் சிபாப் (ராத்திரி முழுக்க மாஸ்க் வழியாக ஒரே அழுத்தத்தில் காற்று தரும் கருவி). அது நோயைத் தீர்க்காது. போட்டிருக்கும் வரைக்கும் தொண்டையைத் திறந்து வைக்கும். போட்ட சில நாளிலேயே பகல் தூக்கம் விலகுவதைப் பலர் உணர்வார்கள். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்குமா? 2016-ல் வெளிவந்த பெரிய சோதனையில் இதயநோயாளிகளும் மூளை ரத்தநாள நோயாளிகளுமாக 2,700-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் அப்படித் தடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் மாஸ்க்கைப் போட்டிருந்தார்கள். பகல் தூக்கம் அவர்களுக்கும் குறைந்தது. ஆகவே சிபாப்பை எதற்காகப் போடுகிறீர்கள் என்று தெரிந்து போடுங்கள்: பகலில் விழிப்பாக இருக்க, பத்திரமாக வண்டி ஓட்ட. அதற்கு அது நிச்சயமான வழி.

கருவியை மூலையில் போட்டுவிடுகிறவர்கள் பலரும் சொல்லும் காரணம் மாஸ்க் பொருந்தாதது. மாஸ்க்கை மாற்றிக் கேளுங்கள், மூக்கை மட்டும் மூடுவது, மூக்கும் வாயும் மூடுவது என்று பல வகை உண்டு. வாய் வறண்டால் ஈரக்காற்றுத் தொட்டி பொருத்தலாம். சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அந்தத் தொட்டிக்கு வேண்டாம், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். கரண்ட் போகும் ஊரானால் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் மாடல் எண்ணைச் சரிபாருங்கள்: உள்ளே சத்தம் அடக்க வைத்த ஸ்பாஞ்ச் உதிர்கிறது என்பதற்காக 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற்றது.

எடை குறைந்தால் குணமாகுமா? அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2000-ல் வெளிவந்தது: உடல் எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு ஏஎச்ஐ சுமார் 26 சதவீதம் இறங்கியது. 85 கிலோ ஆள் 76-க்கு வந்தால் 27 என்பது 20 ஆகலாம். நல்ல முன்னேற்றம், ஆனால் முழு விடுதலை இல்லை. வாரம் ஒருமுறை ஊசியாகப் போடும் டிர்செபடைட் மருந்தை, பருமனோடு நடுத்தர, கடுமையான நோய் உள்ளவர்களுக்கு என்று 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. 2025 மார்ச்சில் அந்த மருந்து இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. மருத்துவர் எழுதாமல் அதைத் தொடாதீர்கள். லேசான நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவி உண்டு, அதற்குத் தெரிந்த பல் மருத்துவர் வேண்டும். படுக்கைக்கு முன் சரக்கும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். தூக்கம் சரியில்லை என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களில் இந்த நோய் உள்ளவர்களுக்கு அது எதிர்விளைவைத்தான் தரும்.

ரிப்போர்ட்டில் எண்ணோடு வரும் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் தர வேண்டுமானால், பிஎம்ஐ 40 இருக்க வேண்டும், அல்லது 35 இருந்து கூடவே குறிப்பிட்ட சில துணை நோய்கள் இருக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட பொது விதி. அந்தத் துணை நோய்ப் பட்டியலில் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது. ஆனால் 'சிவியர்' என்ற அடைமொழியோடு. நான் மேலே கிண்டலாகப் பேசிய 29-க்கும் 31-க்கும் நடுவே இங்கே லட்ச ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. வீட்டுப் பெட்டி ஆய்வில் 28 வந்திருந்தால், முழு ஆய்வு தேவையா என்று மருத்துவரிடம் கேட்க இது நியாயமான காரணம்.

வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், அது ஹெர்னியாவோ மூட்டு மாற்றோ, மயக்க மருந்து கொடுப்பவரிடம் "எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டையைத் தளர்த்தும், மூச்சை மந்தமாக்கும். சிபாப் வைத்திருந்தால் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. அவர்களுக்கு மணிக்கு 1-க்கு மேல் போனாலே இயல்பில்லை, 10 தாண்டினால் கடுமை. பெரியவர்களைப் போலப் பகலில் தூங்கி வழிய மாட்டார்கள். துறுதுறுவென்று அடங்காமல் இருப்பார்கள், படிப்பில் மனம் நிற்காது, படுக்கையில் சிறுநீர் போவார்கள். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கும் குழந்தையைப் பார்த்து "அப்பன் மாதிரியே" என்று ரசிக்காமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வீங்கிய டான்சிலும் மூக்கின் பின்புறச் சதையும்தான் பெரும்பாலும் காரணம். அவற்றை எடுத்தால் நிறையக் குழந்தைகளுக்குச் சரியாகிவிடுகிறது.

மறு ஆய்வு எப்போது? எடை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ, ஆபரேஷன் செய்த பிறகும், பல் கருவி பொருத்திய பிறகும், சிபாப் போட்டும் பகல் தூக்கம் திரும்பி வந்தாலும். அப்போது பழைய ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் எடுத்துப் போங்கள், கடைசிப் பக்கத்தை மட்டும் இல்லை. சிபாப்பின் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். எந்த ராத்திரி எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பது அதில் இருக்கும், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.